நவம்பர் வரை பச்சை

சாலைக்காரர்கள் சிவப்பு நாடா கட்டிவிட்டுப் போனார்கள்
ஹமகுச்சி வீட்டு வேலியோரக் கரும்பைனுக்கு.
இருநூறு வயது என்றார் அவர்.
நூற்றைம்பதுக்கு மேல் தர முடியாது என்றார் பொறியாளர்,
மனைக்கு விலை பேசுகிறவர்போல.

முள்ளங்கிப் பாத்திக்கு அடுத்த பாத்தியில்
போன்சாய்ப் பைன் வரிசையாக நிற்கிற ஊர், கினாஷி.
நான் மட்டும் படகில் டிக்கெட் கிழிப்பவள்.
எனக்குத் தெரிந்த பைனெல்லாம்
தீவுகளின் முதுகில் கறுப்பாக
கிட்டே வராமல் நிற்பவை.
ஆனாலும் போனேன், கத்தரியோடு,
பிப்ரவரிக் குளிரில்.

கிளைநுனியில் நூறு துண்டு, விரல் நீளம்.
அடியைச் சாய்த்துச் சீவி
வேர்ப்பொடியில் தொட்டு
மணலில் நட்டேன்.
கழுவக் கழுவப் பிசின் போகவில்லை.
மறுநாள் நவோஷிமாவுக்குப் போன ஒருவர்
தன் பாதி டிக்கெட்டை என் கட்டைவிரலிலிருந்து
மெதுவாக உரித்தெடுத்தார்.

காய்களைத் தட்டியதில் கொஞ்சம் விதையும் விழுந்தது.
ஓர் இரவு தண்ணீரில்.
மிதந்ததைக் கொட்டிவிட்டு
மூழ்கியதை ஈரத்துணியில் சுற்றி
தோஃபுவுக்குப் பக்கத்தில் ஒரு மாதம் குளிரவைத்தேன்.
என் கணவர் தெட்சுரோ அதைப் பிரித்து
முகர்ந்து பார்த்து
திரும்ப மூடிவைத்தார். ஒன்றும் கேட்கவில்லை.

ஏப்ரலில் முளைத்தன
விதையோட்டைத் தொப்பியாக மாட்டிக்கொண்டு.
அதே வாரம் மரத்தை வெட்டினார்கள்.
ஒன்றரை நாள் ரம்பம்.
உதோன் கடை வரை பிசின் வாசனை.

மே மாதம் தண்டு கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது.
இப்போதே வெட்டு என்றாள் அடுத்த வயல் நோபுயே,
பிளேடு பொட்டலத்தை வேலிமேல் வைத்தபடி.
ஆணிவேரோடு சட்டிக்குள் போனால்
காலம் முழுக்கச் சண்டைதான்.
வெட்டினேன்.
முளைத்து ஐந்தே வாரமான நாற்பத்தியொரு உயிர்,
இலைக்குக் கீழே ஒரு நக அளவு விட்டு.
வேர் போன சேதி
இலைக்கு எட்டவே இல்லை;
விசிறிபோல விரிந்தபடியே இருந்தது.
மூன்று வாரம் கழித்து ஒன்றைக் கிளறினால்
வெட்டுவாயைச் சுற்றி வெள்ளையாக ஆறு,
ஏழு.

ஹமகுச்சி அந்தத் தட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை.
ஞாயிறுதோறும் வருவார்,
கிளைத்துண்டுகள் இருந்த மற்றதன் முன்னால் குந்துவார்.
பச்சையாகத்தான் இருக்கு என்பார்.
ஆமாம் என்பேன்.
ஜூனில் பச்சை. மழையில் பச்சை.
பூவாளி கொதித்த ஆகஸ்டிலும் பச்சை.

நவம்பரில் ஒன்றைப் பிடுங்கினேன்.
அடி, சீவிய பென்சில்.
நான் சீவியது சீவியபடி,
முனையில் தேன்நிறத்தில் ஒரு சொட்டு
இறுகியிருந்தது.
அடுத்ததும் அப்படி.
அவர் செருப்புச் சத்தம் கேட்டு
அவசரமாகத் திரும்பக் குத்தி
மணலை நீவினேன்.

அவர் குந்தவில்லை.
"அது ஏழாவது இல்லையா?
ஆகஸ்டில் நான் பிடுங்கியது பன்னிரண்டாவது" என்றார்.
பிறகு அவர் பிசினைப் பற்றியோ
நான் வேரைப் பற்றியோ பேசவில்லை.
தேநீர் குடித்தோம்.
புதுச் சாலையில் லாரிகள் போயின,
கோப்பைகள் கொஞ்சம் நடுங்கின.

போகும்போது முதன்முறையாகக் குனிந்து
நாற்றுத் தட்டைப் பார்த்தார்.
இது அதன் சாயலில் இல்லை என்றார்.
இதுவும் இல்லை.
மூலையில் ஒன்று மட்டும் ஏன் இவ்வளவு உயரம்?

பிளேடுக்குத் தப்பிய நாற்பத்திரண்டாவது.
எண்ணும்போது
தொட்டிவிளிம்பின் நிழலில் இருந்திருக்க வேண்டும்.
தட்டைத் தூக்கப் பார்த்தேன், வரவில்லை.
இருவருமாகத் தூக்கினோம்.
அடித்துளை வழியே வேர் இறங்கி
முற்றத்து மண்ணைப் பிடித்திருந்தது
பேனா மையக் குழாய் தடிமனில்.

இங்கே மின்கம்பி போகிறது என்றார்.
ஆமாம் என்றேன்.
நாற்பத்தொன்றையும் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு
தகரம் வெட்டும் கத்தரியை எடுத்துவந்து
தட்டை வெட்டினேன்.